ரோசாப்பூ துரையும் பிறவிக் குற்றமும்

(மதுரை ஆரப்பாளையத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் நாம் பேச வேண்டிய விஷயம் ஒரு வக்கீலைப் பற்றியதாகும். வக்கீல் என்று சொன்ன உடனேயே உங்களில் சிலர் மடியைத் தடவிப் பார்த்துக் கொள்ளுகிறீர்கள். அதில் தப்பில்லை. கோர்ட்டுக்குப் போய் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று நம் ஜனங்கள் பட்டறிந்துதான் சொல்லி வைத்தார்கள். ஆனால் வக்கீல் என்ற சொல்லுக்கு அர்த்தம் என்னவென்று பார்த்தால், பிறனுக்காக நிற்பவன், பிறனுக்காகப் பேசுகிறவன் என்பதேயாகும். அது அரபிப் பாஷையிலிருந்து வந்த சொல். அந்த அர்த்தத்திற்குத் தக்கபடி வாழ்ந்தவர்கள் அந்தத் தொழிலில் எத்தனை பேர் என்று எண்ணப் புகுந்தால் விரல்களுக்கு அதிக வேலை இராது. அப்படிப்பட்டவர்களில் ஒருவர் இந்த மதுரையிலேயே தொழில் நடத்தி, இந்த மதுரையிலேயே உயிர் விட்டார். அவர்தான் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். உசிலம்பட்டிப் பக்கத்துத் தோழர்களுக்கு ரோசாப்பூ துரை என்று சொன்னால்தான் தெரியும்.

இந்த ஆரப்பாளையத்திலிருந்து வைகைக் கரையோடு கிழக்கே போனால் யானைக்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது. அதைக் கடந்து போகிறவர்களை நிறுத்தி, இவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். யாரோ துரை என்பார் ஒருவர். எங்கள் ஜாதிக்காரருக்கு உழைத்தவர் என்பார் இன்னொருவர். முதல் பதில் அறியாமையினால் வருவது. இரண்டாவது பதில் பாதி உண்மை; பாதி உண்மையாய் இருப்பதனாலேயே அது அதிக ஆபத்தானது. ஏன் ஆபத்து என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில் அவருடைய வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். அவர் 1887ஆம் வருஷம் திருவிதாங்கூர் இராஜ்யத்துச் செங்கன்னூரில் ஒரு சிரியன் கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, கப்பலேறி எடின்பரோவில் தத்துவம் படித்தார். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1909இல் திரும்பினார். சென்னையில் கொஞ்ச காலம் தொழில் நடத்தி, பிறகு மதுரைக்கு வந்து சேர்ந்தார். பிறந்தது மலையாளம், மதம் கிறிஸ்துவம், படிப்பு சீமைப் படிப்பு. இவருக்கும் மதுரைச் சீமைக் குடியானவனுக்கும் ஜாதியால் சம்பந்தமில்லை, மதத்தால் சம்பந்தமில்லை, தாய்ப் பாஷையாலும் சம்பந்தமில்லை. இந்தச் சங்கதியை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

அவர் வந்த காலத்தில் இந்த ஜில்லாவில் என்ன நடந்து கொண்டிருந்தது? 1911இல் வெள்ளைக்காரச் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அதற்குப் பெயர். 1871இல் வடநாட்டுக்கென்று செய்த பழைய சட்டத்தைப் பெருக்கி, நம் மாகாணத்துக்கும் நீட்டினார்கள். இதன்படி ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவித்துவிட்டால், அந்தக் கூட்டத்தில் பிறந்தவன் ஒரு வாழைக்காய்கூடத் திருடாதவனாய் இருந்தாலும் பெயரைப் பதிந்து, கைரேகை கொடுக்க வேண்டும். இராத்திரியில் குறித்த இடத்திற்குப் போய் ஆஜர் கொடுக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போவதானால் சீட்டு வாங்க வேண்டும். மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் சமூகத்தார் மீது இந்தச் சட்டம் ஏவப்பட்டது. பெண்டாட்டிக்குப் பிரசவ வேதனை என்றாலும், தகப்பன் பாடையில் கிடந்தாலும், ஆஜர் கொடுக்காதவன் குற்றவாளி.

தோழர்களே! இந்தச் சட்டத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. சர்க்கார் செய்த அறிவிப்புச் சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டும் விசாரிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். எவனோ ஒருவன் எழுதியதைப் பிறகு வருகிறவன் எவனும் கேள்வி கேட்கக் கூடாது என்றால், இது எங்கேயோ கேட்ட சங்கதியாக உங்களுக்குத் தோன்றவில்லையா? வேதத்தைக் கேள்வி கேட்காதே, சாஸ்திரத்தைக் கேள்வி கேட்காதே, கேட்டால் நாஸ்திகன் என்று நம் புரோகிதக் கூட்டம் சொல்லி வந்ததற்கும் இதற்கும் என்ன பேதம்? ஒருவன் பிறந்தபோதே தீண்டத்தகாதவன் என்றது மனுதர்மம். ஒருவன் பிறந்தபோதே திருடன் என்றது வெள்ளைக்காரன் சட்டம். இவன் சமஸ்கிருதத்தில் எழுதினான், அவன் இங்கிலீஷில் எழுதினான் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

1920ஆம் வருஷம் ஏப்ரல் 3ந் தேதி பெருங்காமநல்லூரில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரேகை கொடுக்க மாட்டோம் என்று அந்த ஊர் ஜனங்கள் மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். கள்ளர், மறவர் ஆகிய சமூகத்தார்மீது இந்தச் சட்டத்தின் பேரால் போட்ட வழக்குகளில் கோர்ட்டில் நின்று வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப். சட்டத்தின் அடிப்படையையே கோர்ட்டில் கேட்க முடியாதபடி வாசலை அடைத்து விட்டார்கள் அல்லவா? ஆகவே அவர் ஒவ்வொரு ஆளுக்காகவும் கோர்ட்டில் பேசினார்; சட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார். அந்த ஜனங்கள் அன்போடு வைத்த பெயர்தான் ரோசாப்பூ துரை. அந்தப் பெயர் வந்ததற்குப் பல கதைகள் சொல்லுகிறார்கள். கதைகளில் நமக்கு வேலையில்லை, காரியத்தில்தான் வேலை.

இது மாதிரியான காரியம் உலகத்தில் வேறெங்கும் நடந்ததுண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் என்ற இராஜ்யத்தில் 1780இல் ஓர் அரசியல் சட்டம் செய்து, மனிதர் எல்லோரும் பிறப்பில் சுதந்திரமும் சமத்துவமும் உடையவர்கள் என்று எழுதினார்கள். எழுதிய கனவான்களில் பலர், அது தங்கள் வீட்டு அடிமைக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பெட் என்று கூப்பிடப்பட்ட, எழுத்தறியாத ஒரு நீக்ரோ அடிமைப் பெண், எல்லோரும் என்றால் நானும்தானே என்று யோசித்தாள். அவளுக்கு இருந்த யோசனை அவளை அடிமையாக வைத்திருந்த எஜமானனுக்கு இல்லை. அவள் தியோடர் செட்ஜ்விக் என்ற வக்கீலிடம் போனாள். 1781இல் வழக்கு நடந்தது. அவள் அடிமையல்ல என்று ஜூரிகள் சொன்னார்கள். எஜமானன் முப்பது ஷில்லிங் நஷ்டஈடு கொடுக்கும்படி ஆயிற்று. அவள் எலிசபெத் ஃப்ரீமேன் என்று பெயர் வைத்துக் கொண்டு, கூலி வாங்கி வேலை செய்யும் சுதந்திர மனுஷியாக வாழ்ந்தாள். அந்த வக்கீல் பின்னால் 1799 முதல் 1801 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கே தலைவராக இருந்தார். அந்தப் பதவியை இன்று எவன் நினைக்கிறான்? அந்த ஒரு வழக்குத்தான் நிற்கிறது.

அங்கே சட்டத்தில் சமத்துவம் என்று ஒரு வாக்கியம் இருந்தது, அதைப் பிடித்துக் கொண்டு வாதாடினார்கள். இங்கே சட்டமே பிறப்பைக் குற்றம் என்றது. ஆகையால் ஜார்ஜ் ஜோசப்பின் வேலை அதைவிடக் கஷ்டமான வேலை என்றே சொல்லுவோம்.

இனி அவருடைய பொதுவாழ்வில் மற்ற விஷயங்களைப் பார்ப்போம். அன்னி பெசண்டு அம்மையாரின் ஹோம் ரூல் கிளர்ச்சியில் சேர்ந்தார். அதற்காகச் சீமைக்குப் பிரசாரம் செய்யப் புறப்பட்டபோது, ஜிப்ரால்டரில் வைத்துக் கைது செய்து திருப்பி அனுப்பி விட்டார்கள். 1918இல் இந்த மதுரை ஹார்வி மில் தொழிலாளருக்குச் சங்கம் வைக்க முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். பாரிஸ்டர் பட்டம் பெற்றவர், மில் முதலாளியின் வண்டியில் ஏறிப் போயிருக்கலாம். மில் வாசலில் நின்றவன் பக்கம் போனார். ஒத்துழையாமைக் காலத்தில், நல்ல வருமானம் வந்து கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டார். அலகாபாத்துக்குப் போய் மோதிலால் நேருவின் இண்டிபெண்டென்ட் பத்திரிகையை நடத்தினார். 1921 டிசம்பரில் கைதாகிச் சிறையில் இருந்தார். வெளியே வந்து 1923இல் காந்தியாரின் யங் இந்தியா பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார். இந்த நாட்டுக்காக அவர் இழந்தது கொஞ்சமல்ல. இதையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஏனென்றால் இப்போதுதான் முக்கியமான கட்டத்திற்கு வருகிறோம்.

1924 மார்ச்சு 30ந் தேதி வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. எதற்காக? கோவிலுக்குள் போவதற்குக்கூட அல்ல. கோவிலைச் சுற்றியுள்ள ரோட்டில் நடப்பதற்கு! ரோடு சர்க்கார் ரோடு. அதில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. ஆனால் கிறிஸ்துவர் நடக்கலாம், முஸ்லிம் நடக்கலாம், நாய் நடக்கலாம், பன்றி நடக்கலாம். நேற்றுவரை புலையனாய் இருந்து நடக்க முடியாதவன், இன்று காலையில் ஞானஸ்நானம் பெற்றால் சாயங்காலம் நடக்கலாம். ஒரு சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும் ஓடிப்போகிற தீட்டு எப்படிப்பட்ட தீட்டு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முன்னணியில் இருந்த டி.கே. மாதவனும் கே.பி. கேசவ மேனனும் கைதான உடனே, கிளர்ச்சி படுத்துவிடாமல் தலைமை ஏற்று நின்றார் ஜார்ஜ் ஜோசப். அவர் ரோட்டில் நடக்க எந்தத் தடையும் இல்லை. அவருக்கு அதில் ஒரு காசு லாபமும் இல்லை. இந்தச் சமயத்தில்தான் காந்தியார் ஏப்ரல் 6ந் தேதியிட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் காரியத்தை இந்துக்களிடம் விட்டுவிட வேண்டும். தங்களைச் சுத்தி செய்து கொள்ள வேண்டியவர்கள் அவர்களே. நீங்கள் அனுதாபத்தாலும் எழுத்தாலும் உதவலாமே ஒழிய, கிளர்ச்சியை நடத்துவதும் சத்தியாக்கிரகம் செய்வதும் கூடாது என்பது அதன் கருத்து.

தோழர்களே! காந்தியாரின் எண்ணம் கெட்ட எண்ணம் என்று நாம் சொல்ல வரவில்லை. தீண்டாமை ஒரு பாவம், அந்தப் பாவத்தைச் செய்தவர்களே பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று அவர் கருதினார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் கேட்கிறோம்: ரோட்டில் நடப்பது மத விஷயமா, மனித உரிமையா? மத விஷயம் என்றால், அந்த மதக்காரன் மனம் இரங்குகிற வரையில் ஈழவனும் புலையனும் வயல் வரப்பைச் சுற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். மனித உரிமை என்றால், மனிதனாய்ப் பிறந்த எவனுக்கும் அதைக் கேட்க அதிகாரம் உண்டு. ஒரு வீட்டில் தீப்பிடித்தால், நீ இந்த வீட்டுக்காரனா என்று கேட்டுவிட்டா தண்ணீர்க் குடத்தை வாங்குகிறோம்? சுதந்திரப் போருக்குச் சிறைக்குப் போகும்போது ஜார்ஜ் ஜோசப் இந்தியர். தெருவில் நடக்கும் உரிமை என்று வரும்போது அவர் கிறிஸ்துவரா? இந்தக் கணக்கு நம் அறிவுக்கு எட்டவில்லை.

ஜார்ஜ் ஜோசப் இதைக் குடிமக்கள் எல்லோருடைய உரிமைப் பிரச்சினை என்றே கொண்டார். சில தினங்களுக்குள் கைதாகிச் சிறைக்குப் போனார். போவதற்கு முன் தமிழ்நாட்டில் யாரைக் கூப்பிட வேண்டுமோ அவரைக் கூப்பிடச் செய்தவர்களில் அவரும் ஒருவர். ஈரோட்டிலிருந்து பெரியார் ஏப்ரல் 13ந் தேதி வைக்கம் போய்ச் சேர்ந்தார். இரண்டு தடவை சிறைப்பட்டார். நாகம்மையார் அவர்களும் வைக்கம் போய்க் கிளர்ச்சியில் கலந்து கொண்டார்கள். 1925 நவம்பரில் மூன்று பக்கத்து ரோடுகள் திறந்தன. கிழக்கு ரோடு மட்டும் உயர்ந்த ஜாதி என்று சொல்லிக் கொண்டவர்களுக்கே வைத்துக் கொள்ளப்பட்டது. 1936இல்தான் திருவிதாங்கூரில் கோவில்களே திறந்தன. கோவில் திறந்ததால் என்ன லாபம் என்பது வேறு விஷயம். அதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.

கவனியுங்கள் தோழர்களே! மலையாளத்துக் கிறிஸ்துவர் மதுரைச் சீமைக் கள்ளருக்காகக் கோர்ட்டில் நின்றார். ஈரோட்டு வியாபாரி மலையாளத்து ஈழவருக்காகவும் புலையருக்காகவும் ஜெயிலில் இருந்தார். இருவரையும் பார்த்து, உனக்கென்ன இங்கே வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அக்கிரமம் செய்கிறவன் எப்போதும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். ஏனென்றால் வெளியார் எவரும் வராவிட்டால், உள்ளே இருப்பவனை அடித்து உட்கார வைப்பது அவனுக்குச் சுலபம்.

ஜார்ஜ் ஜோசப் நம் இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று நாம் சொந்தம் கொண்டாட வரவில்லை. அவர் நாஸ்திகருமல்ல, கடைசிவரை தம் மதத்தில் பற்றுள்ளவராகவே இருந்தார். கொள்கையில் காங்கிரசோடு பல தடவை முரண்பட்டாலும், 1937இல் காங்கிரசின் பேராலேயே மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விருதுநகர் சதி வழக்கில் காமராசர் சிக்கவைக்கப்பட்டபோது, வரதராஜுலு நாயுடுவோடு சேர்ந்து வாதாடி அவரை விடுவித்தவரும் இவரே. 1938 மார்ச்சு 5ந் தேதி இதே மதுரையில் ஐம்பது வயதில் காலமானார். நம் கக்ஷியில் இல்லாதவன் செய்த நல்ல காரியத்தை நல்லது என்று சொல்ல முடியாவிட்டால், பகுத்தறிவு என்ற பெயரை நாம் வைத்துக் கொள்வதில் அர்த்தமில்லை.

அவர் இறந்து ஒன்பது வருஷத்துக்குப் பின், 1947இல், நம் மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது. அந்த நாளைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் அவருக்காக மாலையும் வருகிறது, பூவும் வருகிறது. நன்றி காட்டுவது நல்ல குணம். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சிலைக்கு முன் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவதோடு நன்றி தீர்ந்து போகிறதா? சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, செய்த அக்கிரமத்தையெல்லாம் மறந்துவிடுகிற பழக்கத்தைத் தலைவர்களிடத்திலும் காட்டினால் அந்தத் தலைவனுக்கு அது மரியாதையாகுமா?

முன்னே பாதி உண்மை ஆபத்தானது என்றோமே, அதைச் சொல்லும் இடம் இதுதான். எங்கள் ஜாதிக்கு உழைத்தவர் என்று சொல்லி அவரை ஒரு ஜாதிக்குள் அடைத்துவிட்டால், அவர் எதற்காக உழைத்தாரோ அதையே கொன்றவர்களாவோம். பிறப்பினால் ஒருவனைக் குற்றவாளி ஆக்காதே என்பதற்கல்லவா அவர் கோர்ட்டு ஏறினார்? அப்படியிருக்க அதே உசிலம்பட்டி வட்டாரத்தில், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற ஊர்களில், 1996இல் பஞ்சாயத்துத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட தோழர்களுக்கு ஒதுக்கப்பட்டபோது என்ன நடந்தது? பத்து வருஷ காலம் அந்த நாற்காலியில் ஒரு தாழ்த்தப்பட்டவன் நிலையாக உட்கார முடியவில்லை. 2006இல்தான் முறைப்படி தேர்தல் நடந்து தலைவர்கள் பதவி ஏற்றார்கள். 1950இலேயே தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டத்தில் எழுதியாயிற்று. எழுதி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் ஒரு நாற்காலிக்கு இந்தப் பாடு!

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்பது நமக்குத் தெரியும். உசிலம்பட்டிப் பக்கம் போகிற பஸ் இந்த ஆரப்பாளையத்திலிருந்துதான் புறப்படுகிறது. அந்தப் பஸ்ஸில் போக வேண்டிய தோழர்கள் பலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் சொல்லுவது நம் வழக்கமல்ல. அந்த ஊர்களை மட்டும் குற்றம் சொல்லவும் நாம் வரவில்லை. இந்த நோய் இல்லாத ஜில்லா தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் மற்றவர்களைவிட உங்களிடம் கேட்க நமக்கு அதிக உரிமை உண்டு. பிறந்த குற்றத்துக்காக இராத்திரியில் ஆஜர் கொடுத்தவன் பாட்டனாய் இருக்க, அவன் பேரன் இன்னொருவனைப் பார்த்து, நீ பிறந்த ஜாதிக்கு நாற்காலி எதற்கு என்று கேட்கலாமா? கைரேகை வைத்த வலி அறிந்தவனல்லவா பிறனுடைய வலியை முதலில் அறிய வேண்டும்?

ஆகவே தோழர்களே! ரோசாப்பூ துரைக்கு மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போடும்போது ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள்: எனக்குச் சம்பந்தமில்லாத எவனுக்காகவாவது நான் ஒரு நாள் பேசியதுண்டா? உங்கள் ஊர் டீக்கடையில் தனித் தம்ளர் இருந்தால், அது யாருக்காக வைக்கப்பட்டதோ அவன் கேட்கட்டும் என்று இராமல், அது யாருக்காக வைக்கப்படவில்லையோ அவன் எழுந்து கேளுங்கள். அடுத்த ஜாதிப் பையனைக் கட்டிக் கொண்டதற்காக ஒரு பெண்ணை ஊர் விலக்கினால், அவள் வீட்டு வாசலில் முதலில் போய் நில்லுங்கள். உனக்கென்ன வேலை என்று எவனாவது கேட்டால், மலையாளத்திலிருந்து வந்த ஒரு பாரிஸ்டருக்கு எங்கள் பாட்டன்மார் விஷயத்தில் என்ன வேலை இருந்ததோ அதே வேலைதான் என்று பதில் சொல்லுங்கள்.

அதற்குப் பாரிஸ்டர் பட்டம் தேவையில்லை, கறுப்புக் கோட்டும் தேவையில்லை. பிறனுக்காக நிற்கிறவன் எவனோ அவனே வக்கீல். அப்படிப்பட்ட வக்கீல் ஊருக்கு ஒருவன் புறப்பட்டால் போதும். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஏற்றுக் கொள்ளாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள். பட்டால், செய்யாமல் இருக்காதீர்கள்.